மாற்றானுக்குக் கரகோஷம்



சென்ற மாதம் நமது வாலிபர் சங்கக் கூட்டத்தில், வரவு செலவுக் கணக்கு வாசித்து முடியுமுன்னே ஒரு தர்க்கம் கிளம்பிவிட்டது. கிரிக்கெட் பந்தயத்தில் அந்நிய தேசத்தார் நம்மவரை ஜெயித்துவிட்டால், நாம் எழுந்து நின்று அவர்களுக்குக் கைதட்டலாமா, கூடாதா என்பதுதான் விஷயம். ஒரு வாலிபர், "அது தேசத் துரோகத்துக்குச் சமானம், சாமி. எதிரி ஜெயித்ததற்குச் சந்தோஷப்படுகிறவன் நம்மவனா?" என்று சூடாகக் கேட்டார். பக்கத்தில் இருந்தவரோ, "விளையாட்டுத்தானே! யார் ஜெயித்தால் என்ன, யார் தோற்றால் என்ன? தட்டினாலும் ஒன்றுதான், தட்டாவிட்டாலும் ஒன்றுதான்" என்று சிரித்தார். கணக்கு வாசித்துக்கொண்டிருந்த காரியதரிசி, பாவம், நோட்டை மூடி வைத்துவிட்டார். அன்று நேரமில்லாதபடியால், இந்த வாரத் தாளில் பதில் எழுதுவதாக வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு பேர் சொன்னதும் சரியல்ல என்பது என் அபிப்பிராயம். முதலாமவர் விளையாட்டை யுத்தமாக்குகிறார். இரண்டாமவர் அதை ஒன்றுமில்லாததாக்குகிறார். ஆனால் அந்தரத்தில் நின்று தர்க்கம் பண்ணுவதைவிட, நம் வாசற்படியிலேயே நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது.

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன் சேப்பாக்கம். அங்கே எம். ஏ. சிதம்பரம் மைதானத்தில் 1999-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஒரு டெஸ்ட் பந்தயம் ஆரம்பமாயிற்று. பாகிஸ்தான் கோஷ்டியார் டெஸ்ட் ஆட நம் தேசத்துக்கு வந்து அப்போது பன்னிரண்டு வருஷமாகியிருந்தது. அவர்கள் வரவே கூடாதென்று பலத்த எதிர்ப்பு. முதல் பந்தயம் டில்லியில் நடப்பதாக இருந்தது. அந்த ஜனவரி மாதத்திலேயே சிவசேனைக் கட்சியைச் சேர்ந்த சிலர் டில்லியின் பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் புகுந்து, ஆடுகளத்தைத் தோண்டிப் பாழாக்கிவிட்டார்கள். அதனால் முதல் பந்தயம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. அந்த நாலு நாளும் மைதானத்தில் கூடியிருந்த ஜனங்கள் நாட்டில் என்ன நடக்கிறதென்று அறியாத வெள்ளை மனசுக்காரர்கள் அல்ல. தினசரிப் பத்திரிகை படித்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார்கள்.

முதல் மூன்று நாள் கதையைச் சுருக்கிவிடுகிறேன். பாகிஸ்தான் முதலில் ஆடி 238 ரன் எடுத்தது. இந்தியா 254. இரண்டாம் முறை பாகிஸ்தான் ஆடியபோது ஷாஹித் அப்ரிதி என்ற வாலிபர் 141 ரன் குவித்தார். நாலு விக்கெட்டு இழப்புக்கு 275 என்று அவர்கள் சௌக்கியமாக இருந்த நேரத்தில், நமது வெங்கடேஷ் பிரசாத் பந்தை வாங்கினார். மீதி ஆறு விக்கெட்டுகளும் பதினொரு ரன்னுக்குள் விழுந்தன. 286-க்கு எல்லாரும் அவுட். ஜெயிக்க இந்தியாவுக்கு 271 ரன் தேவை. மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டு விக்கெட்டை இழந்து 40 ரன்.

நாலாம் நாள், ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே பூசை கண்டுவிட்டு நேராகச் சேப்பாக்கம் போன நம்மவர்களும் உண்டென்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். போனவர்களுக்குக் காலை வேளையில் சந்தோஷமில்லை. திராவிட், அசாருதீன், கங்குலி என்று ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினார்கள். அதிலும் கங்குலியைப் பிடித்த பந்து தரையைத் தொட்டதா இல்லையா என்ற சர்ச்சை வேறே. 82 ரன்னுக்கு ஐந்து விக்கெட்டு. சச்சின் டெண்டுல்கர் ஒருவர் நின்றார். விக்கெட் காப்பாளர் நயன் மோங்கியா அவருக்குத் துணையாக வந்தார். அந்த இருவரும் சேர்ந்து 136 ரன் சேர்த்தார்கள். மத்தியானம் கழிந்தபோது டெண்டுல்கருக்கு முதுகுவலி பொறுக்க முடியாமற் போயிற்று. ஒவ்வொரு அடிக்குப் பின்னும் அவர் குனிந்து முதுகைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மோங்கியா 52 ரன்னோடு போனபின் சுனில் ஜோஷி வந்தார். வலி அதிகப்பட அதிகப்பட, டெண்டுல்கர் பந்தைத் தூக்கி அடிக்கத் தொடங்கினார். ஆறு விக்கெட்டுக்கு 254. இன்னும் பதினேழே ரன். கையிலே நாலு விக்கெட்டு.

அப்போது சக்லைன் முஷ்டாக் சுழற்றிப் போட்ட ஒரு பந்தை அவர் மேலே தூக்கி அடிக்க, அது உயரப் போய் வாசிம் அக்ரம் கையில் விழுந்தது. டெண்டுல்கர் 136. ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றவர் போய்விட்டார். அதற்கப்பால் நடந்ததைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்: கும்ளே, ஜோஷி, ஸ்ரீநாத் மூவரும் நாலு ரன்னுக்குள் விழுந்தார்கள், இந்தியா 258-க்கு முடிந்து, பன்னிரண்டு ரன்னில் தோற்றது.

மைதானம் ஊமையாகிவிட்டது என்று அன்று அங்கிருந்தவர்கள் எல்லாரும் சொல்லுகிறார்கள். கொஞ்ச நேரந்தான். பிறகு ஒரு பக்கத்தில் கைதட்டல் எழும்பி, அது சுற்றிப் பரவி, மைதானம் முழுவதும் எழுந்து நின்றது. பாகிஸ்தான் தலைவர் வாசிம் அக்ரம் தம் கோஷ்டியாரைக் கூட்டிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். போகுமிடமெல்லாம் கரகோஷம். உள்ளே, அறையில், டெண்டுல்கர் அழுதுகொண்டிருந்தார். ஆட்ட நாயகன் பரிசு அவருக்கே கிடைத்தபோதிலும், அதை வாங்கிக்கொள்ள அவர் வெளியே வரவில்லை.

சம்பவம் இவ்வளவே. இனி நம் கேள்விக்கு வருவோம்.

"விளையாட்டுத்தானே" என்ற வாலிபருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். ஒன்றுமில்லாத காரியத்துக்காக ஒருவர் முதுகு ஒடிய ஆறு மணி நேரம் நின்று, பிறகு அறைக்குள்ளே அழுவதில்லை. அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் விளையாட்டைப் பற்றித் தமது பெரிய நூலில் ஒரு பகுதியே எழுதியிருக்கிறார். எப்போதும் நாணேற்றியே வைத்திருக்கிற வில் முறிந்துபோகும் என்று அர்ச். அருளப்பர் ஒருவனுக்குக் காட்டிய பழைய கதையை அங்கே சொல்லி, அளவாய் விளையாடத் தெரிவது ஒரு புண்ணியமே என்று முடிவு கட்டுகிறார். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1945-ம் ஆண்டு மே மாதத்தில், யுத்தம் ஓய்ந்த கையோடு, இத்தாலிய விளையாட்டு வீரர்களை வரவழைத்து இதைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். ஊர்களெல்லாம் இடிபாடாகக் கிடந்த அந்த நேரத்தில் ஒரு பாப்பரசர் ஓட்டப் பந்தயத்தையும் கால்பந்தையும் பற்றிப் பேசினாரென்றால், அது பொழுது போகாமல் செய்த காரியமாக இராது. புண்ணியமாகக்கூடிய ஒன்று பாவமாகவும் கூடும். ஆகவே, "எப்படியிருந்தால் என்ன?" என்று தள்ளிவிட முடியாது.

முதலாமவருடைய ஆட்சேபம் கனமானது. அதைத்தான் நிதானித்துப் பார்க்க வேண்டும்.

தேசத்தை நேசிப்பது கிறிஸ்தவனுக்குக் கடமை. பெற்றோரை மதிப்பதோடு சேர்த்துத்தான் வேதசாஸ்திரிகள் அதை வைத்திருக்கிறார்கள். சிநேகத்திலும் ஒழுங்கு உண்டு. பக்கத்திலிருப்பவனை அதிகமாய் நேசிப்பதில் குற்றமில்லை. தன் பிள்ளை ஓடுகிற பந்தயத்தில் தாயார் எல்லாப் பிள்ளைகளும் சமமென்று உட்கார்ந்திருந்தால், அவளைப் புண்ணியவதி என்று நாம் சொல்ல மாட்டோம். அந்தப் பிள்ளைக்காக வருத்தப்படுவோம். ஆகையால் இந்தியா ஜெயிக்க வேண்டுமென்று ஆசைப்பட்டதும், தோற்றபோது நெஞ்சு வலித்ததும் நியாயமே. சேப்பாக்கத்து ஜனங்களுக்கும் வலித்தது. அந்த ஊமையான நேரம் அதற்குச் சாட்சி. வலிக்காதவன் கைதட்டுவதில் என்ன மேன்மை இருக்கிறது? அவன் காசு கொடுத்து வேடிக்கை பார்க்க வந்தவன், அவ்வளவுதான்.

கேள்வி அதற்கு அப்பால் இருக்கிறது. பிறனுடைய நன்மையைக் கண்டு வருகிற துக்கத்துக்குக் காய்மகாரம் என்று பேர். ஏழு தலையான பாவங்களில் ஒன்றென்று சிறு வயதிலேயே ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். மற்ற நன்மைகளில் காய்மகாரம் மூடத்தனமென்று காட்டுவது சுலபம். அடுத்த வீட்டுக்காரர் மகளுக்கு நல்ல இடத்தில் கலியாணம் நடந்ததால் என் மகளுக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஆனால் பந்தயத்தில் அப்படியல்ல. ஜெயம் ஒன்றுதான் இருக்கிறது, அதைப் பங்கு போட முடியாது. சேப்பாக்கத்திலேயே 1986-ம் ஆண்டு செப்டெம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் சரிசமமாக முடிந்தது. டெஸ்ட் சரித்திரத்தில் அப்படி முடிந்தது அதோடு இரண்டே தடவை. மற்றபடி அவன் கையிலிருப்பது என் கையில் இல்லாததே. அப்படியானால் தோற்றவனுடைய துக்கமெல்லாம் காய்மகாரமா?

இங்கே அக்குயினாஸ் நமக்கு ஒத்தாசை செய்கிறார். பிறன் நன்மையால் வருகிற துக்கம் நாலு வகை என்கிறார். அவனுக்குக் கிடைத்ததால் எனக்குத் தீங்கு வருமென்று பயப்படுவது ஒன்று. அவனுக்கு இருக்கிறதே, எனக்கு இல்லையே என்று ஏங்குவது இரண்டாவது. ஞான காரியங்களில் இந்த ஏக்கம் மெச்சத்தக்கதுங்கூட. அதற்குத் தகுதியில்லாதவன் பெற்றுக்கொண்டானே என்று மனம் கொதிப்பது மூன்றாவது. அவன் மேலே போனதால் நான் கீழே போனேன் என்று, அவனுடைய நன்மையை நன்மையென்பதற்காகவே வெறுப்பது நாலாவது. இந்த நாலாவதுதான் சுத்தக் காய்மகாரம்.

இந்த அளவுகோலை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துப் பாருங்கள். டெண்டுல்கருடைய கண்ணீரில் காய்மகாரத்தைத் தேடினால் கிடைக்காது. முடிக்க வேண்டிய வேலையை முடிக்கவில்லையே என்ற ஏக்கம் அது. கூடியிருந்த ஜனங்களுக்கு மூன்றாவது வகைத் துக்கத்துக்கு இடமிருந்தது; கங்குலி விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, "இவர்கள் ஏமாற்றி ஜெயித்தார்கள்" என்று ஆறுதல் தேடியிருக்கலாம். அப்படித் தேடுவதுதான் மனுஷ சுபாவம். நாம் தோற்றால் அம்பயர் மேல் பழி, ஜெயித்தால் நம் சாமர்த்தியம். அந்தப் பெருங்கூட்டம் அந்த வழியில் போகவில்லை.

வேதாகமத்தில் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுகிறேன். ஒருவன் சவூல் இராஜா. கோலியாத்தைக் கொன்ற தாவீதுக்குப் பெண்கள் அதிக எண்ணிக்கை வைத்துப் பாடிவிட்டார்கள். தனக்குக் குறைவாகப் பாடினார்கள். அன்று முதல் சவூல் தாவீதைப் பார்த்த பார்வையே வேறு. இத்தனைக்கும் தாவீது ஜெயித்தது சவூலுக்காகத்தான்! மற்றவர் அர்ச். ஸ்நாபக அருளப்பர். தம்மிடமிருந்த கூட்டமெல்லாம் சேசுநாதரிடம் போகிறதென்று அவருடைய சீஷர்களே வந்து முறையிட்டார்கள். மாப்பிள்ளையின் தோழன் மாப்பிள்ளையின் குரலைக் கேட்டுச் சந்தோஷப்படுவதுபோல் தாம் சந்தோஷப்படுவதாக அவர் பதில் சொன்னார். தாம் குறைவதையும் அவர் அறிந்தேயிருந்தார். குறைந்தது பொய்யல்ல, சந்தோஷமும் பொய்யல்ல. ஒரே மனசு இரண்டையும் தாங்கக்கூடும், ஏனென்றால் துக்கத்துக்குக் காரணம் ஒன்று, சந்தோஷத்துக்குக் காரணம் வேறொன்று. கிரிக்கெட்டைச் சேசுநாதரோடு ஒப்பிடுகிறாரே சாமியார் என்று யாரும் புருவத்தை நெரிக்க வேண்டாம். மனுஷ மனசு எப்படி வேலை செய்கிறதென்று காட்டுவதற்காகச் சொன்னேன்.

சரி, அந்த மாற்றானிடத்தில் சந்தோஷப்பட என்ன இருந்தது? இதைத்தான் நம் வாலிபர் யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன். அந்த மாலையை நாம் இன்றைக்கும் "இந்தியாவின் சரிவு" என்று சொல்லுகிறோம். லாகூரிலே உட்கார்ந்து பார்த்தவனுக்கு அதே அரைமணி நேரம் மீட்சி. பதினேழு ரன் பாக்கியிருக்கையில், எதிரே டெண்டுல்கர் ஒன்றுக்கு இரண்டாக அடித்துக்கொண்டிருக்கையில், ஊர் முழுவதும் ஆர்ப்பரிக்கையில், சக்லைன் பந்தை வாங்கிக்கொண்டு மறுபடியும் அதே இடத்திலிருந்து போடுகிறார். அடி வாங்கியவர் அவர். பந்து எங்கே விழுந்தாலும் எல்லைக் கோட்டுக்குப் போகிறது. அந்த நேரத்தில் கையை விட்டுவிடாமல், தமக்குத் தெரிந்த மிக நுட்பமான பந்தைப் போட்டுப் பார்க்கத் துணிந்தாரே, அது நல்ல காரியமா, கெட்ட காரியமா? நம்மவர் ஒருவர் செய்திருந்தால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் சேர்த்திருப்போம். செய்தவன் வேறு தேசத்தான் என்பதனால் நல்லது கெட்டதாகிவிடாது. நல்லதைக் கண்டு நல்லது என்று ஒப்புக்கொள்ளுவது தயவோ தர்மமோ அல்ல, நீதி. அவனவனுக்குச் சேர வேண்டியதை அவனவனுக்குக் கொடுத்துவிடுவது. வியாபாரத்தில் கடனைத் தீர்க்கப் பிரியமிருக்க வேண்டுமென்ற அவசியமில்லை. கடன் என்பதே போதும்.

இன்னொன்று. 136 ரன் என்று நாம் இத்தனை வருஷமாகப் பெருமையாகச் சொல்லுகிறோமே, அது எதனால் பெரிதாயிற்று? வாசிம் அக்ரமும் வக்கார் யூனுசும் சக்லைனும் எதிரே நின்றதனால்தான். ஒன்றுக்கும் உதவாத பந்து வீச்சில் எடுத்த 136-ஐ யார் நினைவில் வைத்திருப்பார்கள்? விளையாட்டில் எதிராளி என்பவன் யுத்தத்தில் சத்துரு போன்றவன் அல்ல. யுத்தத்தில் சத்துரு இல்லாமற் போனால் எல்லாருக்கும் க்ஷேமம். விளையாட்டில் எதிராளி இல்லாமற் போனால் விளையாட்டே இல்லை. இருவரும் ஒருவருக்கெதிராய் ஒருவர் நின்றே ஒரே காரியத்தை உண்டுபண்ணுகிறார்கள். டில்லியில் ஆடுகளத்தைத் தோண்டினவர்கள் இந்தியாவின் மேல் உள்ள பற்றினால் தோண்டினோம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் எண்ணம் நாடெங்கும் நிறைவேறியிருந்தால் சக்லைன் பத்து விக்கெட்டு எடுத்திருக்க மாட்டார், மெய்தான். அப்ரிதியின் 141 இராது, அதுவும் மெய்தான். டெண்டுல்கரின் 136-ம் இருந்திராது. அதே கோட்லாவில், செப்பனிட்ட அதே ஆடுகளத்தில், பிப்ரவரி 7-ந் தேதி அனில் கும்ளே ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்தாரே, அதுவும் இருந்திராது. மாற்றானுடைய நன்மையை வேரோடு பிடுங்கப் போகிறவன் தன் வீட்டு நன்மையும் அதே வேரில் நிற்பதைப் பார்ப்பதில்லை.

பணம் வைத்துச் சூதாடுகிறவர்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கைப்பேசியில் ரகசியமாகப் பந்தயம் கட்டுகிற பழக்கம் நம் பங்கிலும் இல்லையென்று நான் சொல்லத் துணியமாட்டேன். குடும்பம் கெடுகிறது என்பது எல்லாரும் சொல்லுவது. அதோடு ஆட்டத்தைப் பார்க்கிற கண்ணும் கெட்டுப்போகிறது. பதினேழு ரன் பாக்கியிருந்தபோது விழுந்த அந்தப் பந்தில் அவனுக்கு ரூபாய் மட்டுமே தெரியும். ஜெயித்தாலும் அவனால் கைதட்ட முடியாது, எண்ணத்தான் முடியும்.

ஜெபத்தைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. நம் கோஷ்டி ஜெயிக்க வேண்டுமென்று மன்றாடலாமா? அன்றைய தினம் அந்த மைதானத்தில் எத்தனை பேர் எத்தனை தெய்வத்தை வேண்டினார்களோ! லௌகிக நன்மைகளையும் ஆண்டவரிடம் கேட்கலாம் என்பதே திருச்சபையின் போதனை, கேட்பது பாவமாகாது. ஆனால் ஒரு சங்கதியை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாகிஸ்தான் கோஷ்டியில் யூசுப் யோஹானா என்று ஒருவர் இருந்தார். லாகூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் இன்னிங்ஸில் அரைச் சதம் அடித்தவர். ரன் குவித்தால் மைதானத்திலேயே சிலுவை அடையாளம் வரைகிற வழக்கம் அவருக்கு அந்நாளில் உண்டு. 2005-ம் ஆண்டில் அவர் இஸ்லாத்தைத் தழுவி முகமது யூசுப் ஆனார். அது அவருடைய மனச்சாட்சிக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம். நாம் பேசுகிற அந்த ஞாயிற்றுக்கிழமையிலோ, நாம் இங்கே எந்தப் பிதாவை நோக்கி இந்தியாவுக்காக மன்றாடியிருப்போமோ, அதே பிதாவை நோக்கி அவர் வீட்டார் அங்கே பாகிஸ்தானுக்காக மன்றாடியிருப்பார்கள். பிதாவானவர் எந்தப் பக்கத்து வேண்டுதலைக் கேட்பார்? ஆட்டக்காரருக்குக் காயம் வராதபடிக்கும், அவரவர் தம்மால் ஆனமட்டும் நன்றாக ஆடும்படிக்கும் மன்றாடினால் இரண்டு வீட்டு ஜெபமும் ஒன்றோடொன்று மோதாது. ஜெயத்துக்காக வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை வைக்கிறவர்களைக் கண்டு எனக்குச் சிரிப்பு வரும். தோற்றுப்போனால் மாதாவிடம் கோபித்துக்கொள்ளுவார்களோ என்ற கவலையும் வரும்.

இவ்வளவு சொன்னதும், சென்னைவாசிகளாகிய நாம் மற்ற ஊராரைவிட மேலானவர்கள் என்று யாரும் மார்தட்ட வேண்டாம். அதே சுற்றுப்பயணத்தில், பிப்ரவரி மாதத்தில், கல்கத்தாவில் டெண்டுல்கர் சோயப் அக்தர் மேல் மோதி ரன் அவுட்டானபோது ரகளை மூண்டது. கடைசி நாளில் போலீசார் ஜனங்களை வெளியேற்ற, காலி மைதானத்தில் பாகிஸ்தான் ஜெயித்தது. "நாம் அப்படியல்ல" என்று சொல்லிக்கொள்ள ருசியாகத்தான் இருக்கிறது. 1997-ம் ஆண்டு மே மாதத்தில் சயீத் அன்வர் இதே சேப்பாக்கத்தில் 194 ரன் எடுத்து உலக சாதனை படைத்தபோதும் நம்மவர்கள் எழுந்து நின்றார்கள் என்பது உண்மை. ஆனால் 2018-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி இதே மைதானத்தில் ஆட்டக்காரரை நோக்கிச் செருப்பு வீசியவர்களும் இந்த ஊரில் இருந்தவர்கள்தான். காவேரித் தண்ணீருக்காக எழுந்த கோபம் அது. கோபத்துக்குக் காரணமில்லையென்று நான் சொல்லவில்லை. காரணமுள்ள கோபமும் செருப்பை யார் மேல் எறிகிறதென்று பார்க்க வேண்டும். அதற்குப்பின் அந்த வருஷத்துச் சென்னை ஆட்டங்கள் புனேவுக்குப் போய்விட்டன. ஒரு ஊருக்குச் சுபாவம் என்று நிலையான ஒன்று கிடையாது. அன்றன்று கூடியிருக்கிறவர்கள் அன்றன்று தீர்மானிக்கிறார்கள்.

கடைசியாக, மிகக் கடினமான ஆட்சேபம். அந்தக் கைதட்டலால் என்ன பிரயோசனம்? அதே பிப்ரவரி 20-ந் தேதி பிரதம மந்திரி வாஜ்பாய் பஸ்ஸில் லாகூருக்குப் போனார். ஜனங்கள் நம்பிக்கை கொண்டார்கள். மே மாதத்தில் கார்கில் யுத்தம் மூண்டது. நம் வாலிபர்கள் பல நூறு பேர் அந்த மலைகளில் உயிர் விட்டார்கள். யுத்தம் நடந்துகொண்டிருக்கையிலேயே ஜூன் 8-ந் தேதி இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் இரண்டு கோஷ்டியும் உலகக் கோப்பைக்காக மோதின. சேப்பாக்கத்தின் கரகோஷம் ஒரு துப்பாக்கியையும் நிறுத்தவில்லை. இதை மறைத்துவிட்டு, விளையாட்டு தேசங்களைச் சேர்த்து வைக்கும் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஆனாலும் நீதியாய்ச் செலுத்திய கடன், பின்னால் சண்டை வந்ததினால் செலுத்தாத கடனாகிவிடாது. சக்லைன் அந்தப் பந்தை நன்றாகத்தான் போட்டார். கார்கிலில் யார் என்ன செய்தாலும் அந்தப் பந்து கெட்ட பந்தாகாது. பலன் கிடைக்கும் என்று கைதட்டியிருந்தால் அது வியாபாரம்; சேப்பாக்கத்து ஜனங்கள் அப்படி எதையும் எதிர்பார்த்து எழுந்து நின்றதாகத் தெரியவில்லை.

அதே சமயம், நம் வாலிபருக்கு இதையும் சொல்லியாக வேண்டும். யுத்தத்தில் மகனைப் பறிகொடுத்த தாயார் ஒருத்தி அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், அவள் எழுந்து நிற்க வேண்டுமென்று நான் கேட்கமாட்டேன். எந்தக் குருவானவரும் கேட்கமாட்டார். அவள் சும்மா உட்கார்ந்திருக்கலாம். பாதியில் எழுந்து வீட்டுக்குப் போகலாம். அவளுடைய துக்கம் அக்குயினாஸின் நாலு வகைக்குள்ளும் அடங்காது. கூட்டமாக இருக்கிற நாம் செலுத்த வேண்டிய கடனை அவளிடம் போய் வசூலிப்பது கொடுமை. அப்படியே, தோற்ற ஆட்டக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதால் அவரை வெளியே இழுத்துவந்து சிரிக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. நமக்கு, மகனையும் இழக்காமல் முதுகும் வலிக்காமல் நிழலில் உட்கார்ந்து பார்த்த நமக்கு, அந்தச் சலுகை கிடையாது. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் பார்க்கிறவர்களுக்குங்கூடத்தான். அங்கே கைதட்டினால் வாசிம் அக்ரமுக்குக் கேட்காது. பக்கத்திலே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குக் கேட்கும்.

கூட்டத்தில் முதலில் பேசிய வாலிபர் இதைப் படித்துவிட்டு மறுபடியும் தர்க்கத்துக்கு வருவார் என்று எனக்குத் தெரியும். வரட்டும், காப்பி தயாராயிருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் 2 மணிக்கு நமது வாலிபர் சங்கத்தாருக்கும் பக்கத்துப் பங்கு வாலிபருக்கும் கோவில் மைதானத்தில் கிரிக்கெட் பந்தயம் நடைபெறும். சென்ற வருஷம் அவர்கள் ஜெயித்தார்கள். பந்து கல்லறைத் தோட்டத்துக்குள் விழுந்தால் நாலு ரன் என்ற பழைய ஏற்பாடே இவ்வருஷமும். சாயங்காலப் பூசை வழக்கம்போல் 6 மணிக்கு. ஜெயிக்க எத்தனை ரன் பாக்கியிருந்தாலும் மணி அடிக்கப்படும்.

பங்குக் குரு